அரை மணித்தியாலம்

என் தங்கைக்குக் கணக்கு வராது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தை மட்டும் மூன்று தரம் எழுதினாள். மூன்று தரமும் நான்தான் படிப்பித்தேன். படிப்பித்தேன் என்பதைவிடக் குட்டினேன் என்பதுதான் சரி. குசினி மேசையில் எதிரும் புதிருமாக இருப்போம். பின்னக் கணக்கில் முதல் நாள் விட்ட அதே பிழையை அடுத்த நாளும் விடுவாள். கைமுட்டியால் உச்சந்தலையில் ஒன்று வைப்பேன். தலையைத் தடவிக்கொண்டே, "இப்ப விளங்கிட்டுது அக்கா" என்பாள். விளங்கியிராது. பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்ட நாட்களைவிட மொக்கு என்று கூப்பிட்ட நாட்கள்தான் கூட.

மூன்றாம் தரம் மட்டுமட்டாகச் சித்தியடைந்தாள். எங்கள் ஊர் புளியங்கூடல் முழுக்க, "அக்காதான் படிப்பிச்சவா, அக்கா கணக்கிலை பிழை விடமாட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடவுளைக்கூட அவள் அந்தளவுக்கு நம்பியிருப்பாளோ தெரியாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னுக்குத் தேவைப்படும்.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் சிறப்புக் கற்கை படித்தவள். நாலு வருடமும் விடிய முதல் பஸ்ஸில் எங்கள் தீவிலிருந்து கடலுக்குக் குறுக்கே போகிற வீதியைக் கடந்து போய், கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தேன். மூன்றாம் வருடத்தில் ஒரு நாள், இருட்டறையில், சோடிய விளக்கின் வெளிச்சத்தை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் திருசியமானிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது ஒன்றல்ல, இரண்டு என்று புத்தகம் சொன்னது. கூடப் படித்தவர்கள் ஒரு கோட்டுக்கே வாசிப்பை எழுதிவிட்டுக் கன்ரீனுக்குப் போய்விட்டார்கள். நான் பிடிவாதக்காரி. திருகியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மூச்சை அடக்கி, கழுத்து நோக நோகப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோடு பிரிந்தது. இரண்டு மஞ்சள் கோடுகள், நடுவில் மயிரிழை அளவு இருட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணம், பிள்ளை, கோயில் என்று சனங்கள் எதையெல்லாம் சொல்லிப் பூரித்துப் போகிறார்களோ, அதெல்லாம் எனக்கு அந்த மயிரிழைக்குள் கிடைத்தது. வெளியில் வந்து பைப்பில் முகத்தைக் கழுவிவிட்டு வாசிப்பை எழுதினேன்.

பௌதிகவியலில் எனக்குப் பிடித்தது அதன் கண்டிப்பு. கேட்பவள் யார், எந்த ஊர், என்ன சீதனம் என்று அது பார்ப்பதில்லை. யார் செய்தாலும் சரியாகச் செய்தால் அதே விடைதான்.

படிப்பு முடிந்தது. ஒன்றரை வருடம் வீட்டில் கோழிக்குத் தீன் போட்டேன். பிறகு பட்டதாரி நியமனம் வந்தது. அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்வதென்று நியமனம் தந்தவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரு மேசைக்கு மூன்று பேர், கதிரை இரண்டு. மலசலகூடம் இல்லாத வீடுகளை எண்ணினேன். தென்னங்கன்று கொடுத்த வீடுகளில் கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுதினேன். பெரும்பாலான கன்றுகளை ஆடு தின்றிருந்தது. "ஆடு" என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

மத்தியானங்களில் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவேன். ஒரு முறை மூன்று நாளாக விடாமல் செய்த கணக்கொன்று முடியும் தறுவாயில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தலைமைக் கிளாக்கர் அந்தத் தாளில் வடையைச் சுற்றி வைத்திருந்தார். எண்ணெய் ஊறி, சமன்பாடுகள் எல்லாம் மறுபக்கத்துக்குத் தெரிந்தன. கேட்டதற்கு, "எழுதின தாள் தானே தங்கச்சி" என்றார். அவரோடு மூன்று மாதம் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்பப் படிக்க வேண்டும் என்ற ஆசையைப் பற்றி மென்மையாக எழுதினால் அது பொய். எனக்குள் இருந்தது எரிச்சலும் பொறாமையும். கூடப் படித்தவள் ஒருத்தி வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளை அங்கியோடு நின்று படம் போட்டாள். என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவள், ஒரு கோட்டோடு கன்ரீனுக்குப் போன கூட்டத்தில் ஒருத்தி. அன்றைக்கே அவளை முகநூலிலிருந்து வெட்டினேன். பிறகு ஒரு நாள், முன்பு கண்ணை மூடிக்கொண்டு செய்த தொகையீடு ஒன்றைச் செய்யப்போய் பாதியில் நின்றேன். அடுத்த படி வரவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தும் வரவில்லை. பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் இரண்டு வருடம் போனால் திரும்பிப் போவதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சியிராது.

ஆருக்கும் சொல்லாமல் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. ஆவணிக்கு முன்னர் பதிய வேண்டும் என்று கடிதம் வந்தது. அதே கிழமை மாப்பிள்ளையும் வந்தார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேலணைப் பக்கம், வங்கியில் வேலை, குடிக்கிறதில்லை, தாயை நன்றாகப் பார்க்கிறவர். வீட்டுக்கு வந்து என்னோடு கதைத்தபோது மரியாதையாகத்தான் கதைத்தார். எனக்கு இடம் கிடைத்திருப்பதைச் சொன்னேன்.

"நல்ல விசயம். கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாம் தானே? நான் மறிக்கமாட்டன்," என்றார்.

மறிக்கமாட்டன் என்றது அவருக்குப் பெருந்தன்மை. கல்யாணத்துக்குப் பிறகு படித்துக்கொண்டிருக்கிற நாலு பேரை எனக்குத் தெரியும். அவர்களின் புத்தகங்கள் அலுமாரிக்கு மேல் பெட்டியில் கிடக்கின்றன, பிள்ளைகளின் பழைய சப்பாத்துகளோடு. அம்மாவிடம் ஏலாது என்று சொன்னேன்.

"படிச்சுப் படிச்சு இவ்வளவு நாளும் என்னத்தைக் கிழிச்சனீ? ஆடு திண்ட கண்டை எண்ணிக்கொண்டு திரியிறாய்," என்றாள் அம்மா. "அப்பாவும் இல்லை. உனக்குப் பின்னாலை ஒருத்தி இருக்கிறாள். நீ போனால்தான் அவளுக்கு வழி. போய் உன்ரை சாதகத்தையும் அப்பாவின்ரை கொப்பியையும் எடுத்துக்கொண்டு வா. நாளைக்குப் பொருத்தம் பார்க்கச் சாத்திரியாரிட்டைப் போகோணும்."

அப்பா எங்கள் இரண்டு பேரின் பிறந்த நேரத்தையும் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார். அதைத் தேடி அலுமாரியைக் கிண்டியபோது, கொப்பிக்குக் கீழே ஒரு பொலித்தீன் பைக்குள் இரண்டு அட்டைகள் இருந்தன. நாங்கள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. அம்மா அவற்றை மறந்தே போயிருந்தாள். சும்மா பார்த்தேன். அப்பாவின் கொப்பியில் எனக்கு ஆறு இருபது. அட்டையில் ஆறு ஐம்பது. தங்கைக்குக் கொப்பியில் ஒன்று ஐந்து, அட்டையில் ஒன்று முப்பத்தைந்து.

நாங்கள் பிறந்த காலத்தில் இந்த நாட்டில் இரண்டு நேரம் இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்தது. ஆஸ்பத்திரியும் அரசாங்கக் கந்தோர்களும் அரை மணித்தியாலம் முந்திய புது நேரத்தில் ஓடின. கோயிலும் வீடும் தோட்டமும் பழைய நேரத்திலேயே கிடந்தன. எத்தனை மணிக்கு என்று கேட்டால், எந்த நேரத்துக்கு என்று திருப்பிக் கேட்பார்கள். சில வருடங்களுக்குப் பிறகு மணிக்கூட்டைப் பழையபடி பின்னுக்கு இழுத்துவிட்டார்கள், பிரச்சினை முடிந்தது. எங்களுக்கு மட்டும் முடியவில்லை. அந்த இடைக்காலத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் இப்போது கல்யாண வயதில் இருக்கிறோம். சாதகம் பழைய நேரத்துக்குத்தான் கணிக்க வேண்டும். எழுதியிருப்பது எந்த நேரம் என்று தெரியாவிட்டால் எல்லாம் குழம்பும்.

எங்கள் அப்பா குழம்புகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரி நேரத்தில் அரை மணித்தியாலத்தைக் கழித்து, பழைய நேரமாக்கி, கொப்பியில் எழுதியிருக்கிறார். அதைப் பழைய நேரம் என்று குறிக்க மட்டும் மறந்துவிட்டார். சாதகமும் அப்படியே சரியாகக் கணிக்கப்பட்டிருந்தது. கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு யோசித்தேன். அப்பா கழித்ததை இன்னொரு முறை கழித்தால் என்ன வரும்?

ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நிற்கும். அரை மணித்தியாலத்தால் லக்கினம் மாறுவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாளும் பேனையும் எடுத்து முதலில் என் நேரத்துக்குக் கணித்தேன். வருடக்கணக்கில் அப்படி ஆசையாக ஒரு கணக்குச் செய்யவில்லை. லக்கினம் மாறியது. ஆறாம் வீட்டில் சும்மா கிடந்த செவ்வாய் ஏழாம் வீட்டுக்கு வந்தது. ஏழில் செவ்வாய் என்றால் எங்கள் பக்கத்தில் குற்றமுள்ள சாதகம், குற்றமில்லாத மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கமாட்டார்கள். எனக்குக் கோள்களில் ஒரு மண்ணும் நம்பிக்கை இல்லை. அன்றைக்குச் செவ்வாயைக் கும்பிடலாம் போல இருந்தது.

பிறகு தங்கையின் நேரத்தையும் கணித்தேன். இதை மறைக்கப் போவதில்லை. அவளுக்கும் லக்கினம் மாறியது. பதினொன்றில் இருந்த செவ்வாய் பன்னிரண்டுக்குப் போனது. அதுவும் குற்றந்தான். கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது ஒரு கல்யாணப் பேச்சும் வந்திருக்கவில்லை. சுருவிலில் முன்பள்ளி ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு சிரித்தபடி திரிந்தாள். அவளுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அட்டைகளை எரிக்க மனம் வரவில்லை, அவை ஆதாரம். இரண்டையும் என் பௌதிகவியல் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் சுருவிலுக்குப் போனோம். சாத்திரியார் வயது போனவர், எங்கள் இரண்டு பேரின் சாதகத்தையும் எழுதினவரும் அவர்தான். மாப்பிள்ளையின் சாதகத்தை விரித்து, பொருத்தம் நல்லாயிருக்கு என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஐயா, அப்பாவின்ரை கொப்பியிலை ஆறு இருபது எண்டு மட்டும்தான் இருக்கு," என்றேன். "அது பழைய நேரமோ புது நேரமோ எண்டு இல்லை. நீங்கள் அப்பாவைக் கேட்டு எழுதினீங்களோ, இல்லாட்டி நினைச்சு எழுதினீங்களோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்டுத்தான் எழுதியிருப்பார், தொழிலில் கவனமான மனுசன். ஆனால் அவ்வளவு பழைய கதை எவருக்கு ஞாபகம் இருக்கும்? "உம்முடைய அப்பா மாத்தித்தான் தந்திருப்பார் எண்டு..." என்று இழுத்தார்.

"இருப்பார் எண்டு சொல்லிச் சாதகம் எழுத ஏலாது தானே? நான் ஆஸ்பத்திரியிலை பிறந்தனான். ஆஸ்பத்திரி மணிக்கூடு புது நேரம். அப்பா அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்."

"ஓம், அவர் ஆஸ்பத்திரி வாசலிலைதான் நிண்டவர்," என்றாள் அம்மா, பாவம், எனக்கு உதவி செய்கிறோம் என்று தெரியாமல்.

"பிள்ளை கம்பஸிலை படிச்ச பிள்ளை," என்றார் சாத்திரியார்.  இன்னும் எத்தனை சாதகத்தில் இப்படிப் பிழை விட்டோம் என்று அவர் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது. "அப்ப அரை மணித்தியாலம் கழிக்கோணும்."

கழித்தார். நான் கட்டிலில் இருந்து கணித்த அதே விடை வந்தது. அம்மா அந்த இடத்திலேயே அழுதாள். வரும் வழியில் பஸ்ஸிலும் அழுதாள். நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன், சிரிப்பை மறைக்க.

வங்கிக்காரர் வீட்டில் உடனே பின்வாங்கினார்கள். ஊருக்கும் கதை பரவியது. கோயிலில் பெண்கள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு மாதம் அம்மா என்னோடு நேராகக் கதைக்கவில்லை, சட்டிபானையோடு கதைத்தாள். பிறகு ஒரு காலை, தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள், "உன்னை ஆர் இனிக் கட்டப்போகினம்? வீட்டிலை இருந்து என்ன செய்யப்போறாய். போ, போய்ப் படி."

பௌதிகவியல் எனக்கு அப்படித்தான் திரும்பக் கிடைத்தது. பழுதான பெண்ணுக்கு வேறென்ன கிடக்கு என்று போட்ட மிச்சமாக. எனக்கு அது போதும். சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸில் ஏறும்போது தங்கை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழிக்குப் புட்டும் பொரியலும் கட்டித் தந்தாள். "அவையள் சொல்லுறதைக் காதிலை விழுத்தாதேங்கோ அக்கா. நீங்கள் எங்கடை வீட்டு மூளை," என்றாள். போய்ச் சேரும் முன்னரே புட்டு முழுவதையும் தின்று முடித்தேன்.

அங்கே நான் சந்தோசமாக இருந்தேன். குற்ற உணர்ச்சியில் வாடினேன் என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் நான் வாடவில்லை. மறந்துபோன தொகையீடுகள் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தன. என்னை நம்பி, ஒரு கருவி இருந்த அறையின் திறப்பை என் கையில் தந்தார்கள். என் கேள்விக்கு, புத்தகத்தில் விடை இல்லாத என்னுடைய சொந்தக் கேள்விக்கு, எண்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்லத் தொடங்கின.

இரண்டாம் வருடம் தங்கைக்கு ஒரு பேச்சு வந்தது. பேச்சு என்பது பெரியவர்களுக்கு. அதற்கு முன்னரே பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற ஒருவர் இருந்தார், மண்கும்பானில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். அவள் எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். அவர் ஒரு முறை இரண்டு வெங்காயப் பிடியைத் தந்ததாகவும், அவற்றைச் சமைக்காமல் யன்னலில் கட்டி வைத்திருப்பதாகவும் சொன்னாள். மொக்கு என்று திட்டினேன். அவரும் வீட்டில் சொல்லி, தாய் தகப்பன் ஒத்துக்கொண்டு, சாதகம் கேட்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை ஆய்வுகூடத்தில் இருந்தபோது தங்கையிடமிருந்து போன் வந்தது. 

"அக்கா, சாத்திரியார் எனக்கும் அரை மணித்தியாலம் கழிக்கோணும் எண்டு சொல்லுறார். உங்களுக்குக் கழிச்சபடியால். கழிச்சால் செவ்வாய் பன்னிரண்டிலை வருதாம். அவையின்ரை வீட்டிலை குற்றச் சாதகம் வேண்டாமாம். அவர் சொல்லிப் பார்த்தவராம், தாய் கேக்கேல்லையாம்."

கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தேன்.

"அம்மாவுக்கு ஒண்டும் தெரியேல்லை. நான்தான் சொன்னனான், அக்காவைக் கேப்பம் எண்டு. அவையளும் சொல்லிச்சினம், படிச்ச பிள்ளை, அவா சொன்னால் ஏற்கிறம் எண்டு. அக்கா, அப்பா கொப்பியிலை எழுதினது பழைய நேரமோ, புது நேரமோ?"

புத்தகம் மேசையில் எனக்கு முன்னால்தான் இருந்தது. திறந்தேன். இரண்டு அட்டைகளும் வைத்த பக்கத்திலேயே இருந்தன. அவளுடையதை எடுத்தேன். ஒன்று முப்பத்தைந்து, நீல மையில், ஏதோ ஒரு தாதியின் கையெழுத்தில்.

அவளுக்கு மட்டும் பழைய நேரம் என்று சொல்ல ஏதும் வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஒரே கொப்பி, ஒரே பக்கம், ஒரே அப்பா. அவளுடையது பழைய நேரம் என்றால் என்னுடையதும் பழைய நேரந்தான். ஏழிலிருக்கிற என் செவ்வாய் ஆறுக்குப் போய்விடும். சாத்திரியார் முன்னால் நான் ஆடினது வெளியில் வரும். அம்மா அடுத்த பஸ்ஸில் ஏறி என்னைக் கூட்டிப்போக வருவாள். வங்கிக்காரர் இன்னும் கல்யாணம் கட்டவில்லை என்பதை அவள் ஒவ்வொரு போனிலும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த மாதம் என் ஆய்வைச் சபை முன்னால் வைக்க இருந்தேன்.

"அக்கா? நிக்கிறீங்களோ?"

"ஓம்."

"நீங்கள் வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ. எனக்கு உந்தக் கழிக்கிறது கூட்டுறது விளங்காது. நீங்கள் சொன்னால் சரி."

"புது நேரம்," என்றேன். "கழிக்கத்தான் வேணும்."

அந்தப் பக்கத்தில் முன்பள்ளிப் பிள்ளைகள் கத்தி விளையாடுகிற சத்தம் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு தெளிவான குரலில், "இப்ப விளங்கிட்டுது அக்கா. நீங்கள் படியுங்கோ, குழப்பிப் போட்டன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அட்டையைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தேன். பாதியில் விட்டிருந்த கணக்கை எடுத்தேன்.  முதல் தரத்திலேயே விடை சரியாக வந்தது.